மண்ணுக்கடியில நாம எதை விட்டுட்டுப் போறோம்

சென்னிமலைக்கு மேக்கால, நொய்யல் கரையோரம் கொடுமணல்னு ஒரு ஊர் இருக்கு. சும்மா அந்த வழியா வண்டியில போனா ஒண்ணுமே தெரியாது, செம்மண் காடு, வேலிமுள்ளு, வெள்ளாடு மேஞ்சிட்டு இருக்கும், அவ்வளவுதான். ஆனா அந்த மண்ணுக்கடியில ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தி ஒரு தொழிற்பேட்டையே நடந்திருக்கு. 1985ல தமிழ்ப் பல்கலைக்கழகம் தோண்ட ஆரம்பிச்சதுல இருந்து பல தடவை தோண்டியாச்சு, இரும்பு உருக்கின உலை, கல்லுல பாசிமணி செஞ்ச பட்டறை, சங்கு அறுத்த துண்டு, தமிழ் பிராமியில பேரு கீறின பானை ஓடுன்னு ஏகப்பட்டது கெடச்சிருக்கு. பதிற்றுப்பத்துல கொடுமணம்னு வர்ற ஊரு இதுதான்னு ஆய்வாளருங்க சொல்றாங்க.

அதுல எனக்கு ரொம்பப் புடிச்சது முழுசா முடியாத மணிங்கதான். கல்லை உடைச்சு, தேச்சு, உருண்டை புடிச்சு, நூல் கோக்க ஓட்டை போட ஆரம்பிச்சிருக்காங்க, பாதியில கல்லு விரிசல் விட்டிருக்கும் போல, அப்படியே தூக்கிப் போட்டுட்டாங்க. அந்தப் பாதி ஓட்டையைப் பாத்தா அந்த ஆளோட கை எவ்வளவு நிதானமா இருந்திருக்கும்னு தெரியும். அவரு பேரு தெரியாது, எந்த ராசா காலம்னு அவருக்கே அக்கறை இருந்திருக்காது, ஆனா அவரு செஞ்ச வேலை இருக்கு.

எங்க ஊரு அங்கிருந்து ரொம்ப தூரமில்ல, ஊத்துக்குளி பக்கம். நானும் என் வயசுக்காரங்களும், அதாவது எழுபத்தஞ்சுல இருந்து எம்பத்தஞ்சுக்குள்ள பொறந்தவங்க, இப்ப நாப்பது அம்பதுல இருக்கோம். வீடு கட்டியாச்சு, புள்ளைங்க காலேஜ் போகுது, அப்பா அம்மாவுக்கு ஆஸ்பத்திரி செலவு பாக்குறோம். இந்த வயசுல தான் இந்தக் கேள்வி வந்து உக்காருது, எங்க தலைமுறை எதை விட்டுட்டுப் போகும்னு. பொதுவா இதைப் பேசுறவங்க கம்ப்யூட்டரு, செல்போனு, இன்டர்நெட்டுன்னு சொல்வாங்க. அதெல்லாம் உலகம் முழுக்க எல்லாருக்கும் வந்துச்சு, எங்களுக்கும் வந்துச்சு, அதுல எங்க கைவேலைன்னு சொல்லிக்க பெருசா ஒண்ணுமில்ல. நான் கேக்குறது வேற, ரெண்டாயிரம் வருஷம் கழிச்சு இதே நொய்யல் கரையில ஒருத்தர் குழி போட்டு அடுக்கடுக்கா மண்ணை எடுத்துட்டு வந்தாருன்னா, எங்க அடுக்குல அவருக்கு என்ன கெடைக்கும்?

ரெண்டு கெடைக்கும்னு நான் நெனைக்கிறேன். ஓட்டையும் உப்பும்.

ஓட்டைன்னு சொன்னது போரைத்தான், அதாவது ஆழ்துளைக் கெணறு. எங்கப்பாரு காலத்துல கெணறுதான், கவலை, அதாவது எருது பூட்டித் தண்ணி இறைச்சிருக்காங்க, எருது இறங்குற வாரி இன்னும் எங்க கெணத்து மேட்டுல மழுங்கிப்போயி கெடக்கு. அறுபதடி, எழுபதடி, பாறைக்கு வெடி வெச்சு வெட்டின கெணறு. அப்புறம் கரண்ட் வந்து மோட்டார் வந்துச்சு. அந்தக் கரண்டும் சும்மா வரலைங்க, 1970 ஜூன் மாசம் பெருமாநல்லூர்ல யூனிட்டுக்கு ஏத்தின கட்டணத்தைக் கொறைக்கச் சொல்லிப் போராடின விவசாயிங்க மேல துப்பாக்கிச் சூடு நடந்து மூணு பேரு செத்துப் போனாங்க. விவசாயிங்க தலைவர் நாராயணசாமி நாயுடு மாட்டுவண்டிங்களைக் கொண்டுவந்து கோயமுத்தூரையே நிறுத்தினது அதுக்கு ரெண்டு வருஷம் கழிச்சு, 1972ல. கடைசியா எல்லா விவசாயிக்கும் இலவச மின்சாரம்னு வந்தது நான் ஸ்கூல் படிக்கிறப்ப. எங்கப்பா தலைமுறை எங்களுக்குக் குடுத்த பெரிய சொத்து அது, ரத்தம் சிந்தி வாங்கினது, அதை ஒருத்தரும் கொறச்சுப் பேசக்கூடாது. ஆனா அந்தக் கரண்டை வெச்சு தண்ணி எங்க இருக்கோ அங்க வரைக்கும் போனது எங்க தலைமுறைதான்.

போர் ஓட்டுறதைப் பக்கத்துல இருந்து பாத்தவங்களுக்குத் தெரியும். பகல்ல ஒருத்தர் உள்ளங்கையில தேங்காயை வெச்சுக்கிட்டு காட்டுல நடப்பாரு, தேங்காய் எந்திரிச்சு நிக்கிற எடத்துல பாயிண்ட்டுன்னு கல்லு வெப்பாங்க. சாயங்காலம் ரிக் வண்டியும் கம்ப்ரஸர் வண்டியும் வந்து நிக்கும். மேல் மண்ணுக்கு கேசிங் பைப்பை இறக்கிட்டு பாறையில ஹேமர் எறங்க ஆரம்பிச்சா காது அடச்சுப்போகும், பேசுறது கேக்காது, எல்லாம் சைகைதான். ஓட்டையில இருந்து கல்மாவு பொகை மாதிரி வந்து தென்னை மட்டை, ஓடு, தலைமுடி எல்லாத்து மேலயும் வெள்ளையா படியும். ஒவ்வொரு ராடு எறங்கும்போதும் ஒருத்தர் சாக்பீஸ்ல கோடு போட்டுக்கிட்டே இருப்பாரு. வீட்டுப் பெரியவரு கல்மாவை ரெண்டு வெரல்ல எடுத்துத் தேச்சுப் பாப்பாரு, ஈரம் இருக்கான்னு. அந்த நேரத்துல அவரு மொகத்தைப் பாக்க முடியாதுங்க, நகை அடகு வெச்ச காசு ஒவ்வொரு அடிக்கும் எறங்கிட்டு இருக்கும். முந்நூறு அடியில நிறுத்தலாம்னு ஆரம்பிச்சது ஐநூறுக்குப் போகும், எழுநூறுக்குப் போகும், இன்னும் ரெண்டு ராடு பாக்கலாம்னு ஆயிரத்தைத் தாண்டும். ஒரு இஞ்சு தண்ணி பீச்சிட்டு வந்தா கம்ப்ரஸர் சத்தத்துக்கு மேல பொம்பளைங்க கொலவை போடுவாங்க. வரலைன்னா வண்டிக்காரங்க பேசாம ராடைக் கழட்டுவாங்க, வீட்டுல யாரும் சாப்பிட மாட்டாங்க.

இப்படி எங்க தாலுகாவுல மட்டும் எத்தனை ஓட்டைன்னு யாரு கணக்கு வெச்சிருக்காங்க? ஒரு காட்டுக்கு நாலு, அஞ்சு, சில காட்டுல பத்துக்கும் மேல. ஓட்டினதுல தண்ணி வந்தது ஒண்ணோ ரெண்டோ, மத்ததெல்லாம் அப்படியே கெடக்கு. இந்தத் தொழில்ல எங்க கொங்குக்காரங்க கெட்டிக்காரங்க, திருச்செங்கோட்டு ரிக் வண்டி போகாத மாநிலம் இல்ல, ராஜஸ்தான்ல மத்தியப் பிரதேசத்துல எல்லாம் நம்ம ஊரு பசங்க போர் ஓட்டிட்டு இருக்காங்க, அதுல எத்தனையோ குடும்பம் தலையெடுத்துச்சு, புள்ளைங்க இன்ஜினியர் டாக்டர்னு படிச்சுச்சு. அந்த உழைப்பு மேல எனக்கு மரியாதை உண்டு. ஆனா கெணத்துத் தண்ணி மழை பேஞ்சா ஏறும், கொறஞ்சா எறங்கும், அந்தந்த வருஷத்து வரவை அந்தந்த வருஷம் செலவு பண்ண மாதிரி. ஆயிரம் அடிக்குக் கீழ பாறை இடுக்குல இருந்த தண்ணி எந்தக் காலத்து மழையோ, அதை எங்க ஒரு தலைமுறைக்குள்ளயே இறைச்சுட்டோம். தென்னைக்கு, சாயத்துக்கு, கட்டடத்துக்கு, டேங்கர் லாரிக்குன்னு எல்லாத்துக்கும்.

2019 அக்டோபர்ல, தீபாவளி சமயம், மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில ஒரு ரெண்டு வயசுக் கொழந்தை மூடாத போர்ல விழுந்துச்சு. நாலு நாளு தமிழ்நாடே டிவி முன்னாடி உக்காந்திருந்துச்சு, கொழந்தை பொழைக்கல. கைவிட்ட போரை மூடியாகணும்னு 2010லயே உச்ச நீதிமன்றம் தெளிவா சொல்லியிருக்கு. அந்த வாரம் எங்க பக்கத்துல எல்லாரும் அவங்கவங்க காட்டுக்குப் போயி சாக்கு கட்டினாங்க, கல்லு வெச்சாங்க, மூடி போட்டாங்க. சாக்கு எத்தனை வருஷம் தாங்கும்? எங்களுக்கு அப்புறம் இந்தக் காட்டை வாங்கப்போறவனுக்கு எந்த எடத்துல ஓட்டை இருக்குன்னு யாரு சொல்லுவா? பத்திரத்துல சர்வே நம்பர் இருக்கும், கெணறு இருக்கும், கரண்ட் சர்வீஸ் நம்பர் கூட இருக்கும், வறண்டுபோன போர் எத்தனை, எங்க இருக்குன்னு இருக்காது.

அடுத்தது உப்பு.

திருப்பூரை வெளியூர்க்காரங்க பனியன் ஊருன்னு சொல்வாங்க, எங்களுக்கு அது சோறு. எங்க செட்டுல பத்தாவது முடிச்சவன் முடிக்காதவன் எல்லாரும் பனியன் கம்பெனிக்குத்தான் போனோம், கைமடிக்க, செக்கிங், பேட்லாக், ஓவர்லாக், கட்டிங்னு. கையில வாராவாரம் சனிக்கெழமை சம்பளம் வந்துச்சு. மேட்டாங்காட்டுல கம்பும் சோளமும் வெதச்சு வானத்தைப் பாத்துட்டு இருந்த குடும்பங்களுக்கு அது என்ன மாத்தம்னு அனுபவிச்சவங்களுக்குத்தான் தெரியும். பொம்பளைப் புள்ளைங்க சொந்தக் காசுல சைக்கிள் வாங்குச்சு, தம்பி தங்கச்சியைப் படிக்க வெச்சுச்சு. சாதி சனம்னு ஒதுங்கி நின்ன எடத்துல ஒரே டேபிள்ல உக்காந்து தெச்சாங்க. இப்ப ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட்ல இருந்து வந்தவங்க புள்ளைங்க எங்க ஊரு அரசுப் பள்ளியில திருக்குறள் ஒப்பிக்குது. இதெல்லாமும் எங்க தலைமுறை செஞ்சதுதான், அதையும் சேத்துத்தான் சொல்லணும்.

ஆனா துணிக்குக் கலரு ஏத்தணும்னா உப்பு வேணும். பருத்தித் துணியில ரியாக்டிவ் சாயம் புடிக்கிறதுக்கு உப்பைக் கொட்டித்தான் தள்ளணும், கருப்பு, நேவி ப்ளூ மாதிரி டார்க் கலருன்னா லிட்டருக்கு அறுவது எம்பது கிராம் கூடப் போடுவாங்க. சாயம் துணியில ஏறும், உப்பு ஏறாது, அது அப்படியே தண்ணியோட வெளிய வந்துரும். அப்பல்லாம் வின்ச் மெஷின்ல தண்ணியும் ஏகத்துக்குச் செலவாகும். சாயப்பட்டறைத் தண்ணி ஓடைக்குப் போச்சு, ஓடைத் தண்ணி நொய்யலுக்குப் போச்சு. என்ன கலரு டையிங் ஓடுதுன்னு ஆத்துப் பாலத்துல நின்னு பாத்தாலே தெரியும், ஒரு நாள் செவப்பு, ஒரு நாள் நீலம், பல நாள் கலரே சொல்ல முடியாத ஒரு கருப்பு. அந்த வாசனை பஸ் பாலத்துல ஏறும்போதே மூக்குல ஏறும்.

அதே நொய்யல்ல கீழ்ப் பக்கம், ஒரத்துப்பாளையத்துல 1992ல ஒரு அணையைத் திறந்தாங்க. வெள்ளத் தண்ணியைத் தேக்கி ஈரோடு, கரூர் பக்கத்துல ஆயிரக்கணக்கான ஏக்கருக்குப் பாசனம் குடுக்கணும்னு கட்டினது. கட்டி அஞ்சாறு வருஷத்துலயே அது சாயத்தண்ணித் தேக்கமா ஆகிப்போச்சு. ஒரு அணை கட்டினா தண்ணி விடுங்கன்னு விவசாயி கேப்பான், இங்க தண்ணி விடாதீங்கன்னு கேட்டு கோர்ட்டுக்குப் போனாங்க, அப்புறம் தேக்கியும் வெக்காதீங்கன்னு கேட்டாங்க, ஏன்னா சுத்துவட்டாரக் கெணத்துல எல்லாம் உப்பு ஏறிடுச்சு. ஆத்தோரத்து எளநி கரிக்குதுன்னு அந்தப் பக்கத்துச் சொந்தக்காரங்க சொல்லிச் சொல்லி அழுதிருக்காங்க. ஒரு மாமன் வீட்டு விசேஷத்துக்குப் போனப்ப, தண்ணி கேன்ல வாங்கித்தான் சமைச்சாங்க, கெணறு நெறைய தண்ணி கெடந்துச்சு, மாடு கூட வாய் வெக்கல.

இந்த ஒரத்துப்பாளையமும் நான் மொதல்ல சொன்ன கொடுமணலும் ஒரே நொய்யல் கரை, ஒண்ணுக்கொண்ணு பக்கம். அங்கயும் தொழில்தான் நடந்துச்சு, இங்கயும் தொழில்தான். அவங்களும் ஏற்றுமதிதான் பண்ணியிருக்காங்க, ரோம் வரைக்கும் இந்தப் பக்கத்துக் கல்லு போயிருக்குன்னு சொல்றாங்க. அவங்க அடுக்குல மணி கெடச்சுது.

2011 ஜனவரியில மெட்ராஸ் ஹைகோர்ட் எல்லா சாயப்பட்டறையையும் மூடச் சொல்லிருச்சு, எழுநூறுக்கு மேல. அந்த வருஷம் திருப்பூர் இருந்த இருப்பை நான் மறக்க மாட்டேன், வேலையில்லாம ஊருக்குக் கெளம்பினவங்க கூட்டம் ரயில்வே ஸ்டேஷன்ல, கடையெல்லாம் காத்தாடுது. ஆனா அதுக்கப்புறம் நடந்ததைத்தான் எங்க தலைமுறை செஞ்ச உருப்படியான வேலைன்னு நான் சொல்லுவேன். கழிவுத் தண்ணியை ஒரு சொட்டும் வெளிய விடக்கூடாதுங்கிற முறைக்கு ஊரே மாறுச்சு. பொது சுத்திகரிப்பு நிலையத்துல உயிரியல் முறையில சுத்தம் பண்ணி, ஆர்.ஓ.வுல வடிகட்டி, மிச்சத்தை எவாபரேட்டர்ல காய்ச்சி, தண்ணியில பெரும்பங்கைத் திருப்பிப் பட்டறைக்கே அனுப்புறாங்க, உப்பையும் எடுத்து மறுபடி சாயத்துக்கே போடுறாங்க. செலவு ஜாஸ்தி, கரண்ட் ஜாஸ்தி, பல சின்னப் பட்டறைக்காரங்க தாக்குப்புடிக்க முடியாம தொழிலை விட்டுட்டாங்க. இருந்தும் செஞ்சாங்க. ஆனா இதை யாரு செய்ய வெச்சாங்கன்னு பாத்தா, கீழ்ப் பக்கத்துல வருஷக்கணக்கா கேஸ் நடத்தின ஆயக்கட்டு விவசாயிங்கதான். அவங்க பேரு எந்தக் கல்வெட்டுலயும் வரப்போறதில்ல.

பூமிக்குள்ள போன உப்பு மட்டும் இன்னும் வரல. அது மழை பேஞ்சு பேஞ்சு கரைஞ்சு போகணும், எங்க காலத்துல முடியாது.

இப்ப இதுக்கு எதிர்ப் பக்கமா ஒண்ணைச் சொல்லணும், காளிங்கராயன் வாய்க்கால். பவானி ஆறு காவேரியில சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு அணைக்கட்டு, அங்கிருந்து கெளம்பி ஈரோட்டைச் சுத்தி, கொடுமுடிப் பக்கம் ஆவுடையார்பாறைகிட்ட நொய்யல்ல போயி சேர்ற வாய்க்கால், 90 கிலோமீட்டர் பக்கம் ஓடுது. 13ஆம் நூத்தாண்டுல காளிங்கராயன்ங்கிறவரு வெட்டினது. இன்னைக்கும் 15,000 ஏக்கருக்கு மேல அதுல பாயுது, மஞ்சள், நெல்லு, கரும்பு, வாழைன்னு. வாய்க்கால் பாம்பு மாதிரி கோணிக் கோணிப் போகும், பாம்பு போன வழியில வெட்டினாருன்னு ஒரு கதை உண்டு. சமமா கெடக்குற நெலத்துல சரிவு கெடாம தண்ணியைக் கொண்டுபோக அப்படி வளைச்சு வளைச்சுத்தான் போயாகணும், அந்தக் கணக்கு தெரிஞ்ச ஆளுங்க அன்னைக்கே இருந்திருக்காங்க. தன்னோட லாபத்துக்கு வெட்டினான்னு யாரும் சொல்லிரக்கூடாதுன்னு, என் வம்சத்துல ஒருத்தரும் இந்த வாய்க்கால் தண்ணியைத் தொடமாட்டோம்னு காளிங்கராயன் சத்தியம் பண்ணினாருன்னும் சொல்வாங்க. சின்ன வயசுல எங்க அம்முச்சி இதைச் சொல்லும்போது அழுகையே வந்துரும் எனக்கு.

ஆனா வயசாக ஆக எனக்கு வேற ஒரு கேள்வி வருது. வாய்க்காலை வெட்டினது ஒருத்தரு, சரி. இந்த எழுநூறு வருஷமா அதைத் தூர் வாரினது யாரு? மண்ணுல வெட்டின வாய்க்கால், நாலு வருஷம் விட்டா கோரை மொளச்சு மூடிக்கும், கரை ஒடையும், மதகு கழண்டு போகும். வருஷா வருஷம் தண்ணி நிறுத்தின சமயத்துல எறங்கி மண்ணை அள்ளிக் கரையில போட்டவங்க எத்தனை தலைமுறை, நடுவுல பஞ்சம் வந்திருக்கு, படை வந்திருக்கு, வெள்ளைக்காரன் வந்திருக்கான், ராசாங்கம் மாறிட்டே இருந்திருக்கு, மம்பட்டி மட்டும் நிக்கல. காளிங்கராயனை இத்தனை வருஷம் நெலைக்க வெச்சதே அந்தப் பேரு தெரியாத சனங்கதான்னு நான் நெனைக்கிறேன். அவங்கள்ல ஒரு தலைமுறை எங்களுக்கென்னன்னு இருந்திருந்தா போதும், கதை மட்டும்தான் மிஞ்சியிருக்கும்.

அந்தச் சங்கிலி எங்ககிட்ட வந்துதான் லேசாச்சு. எங்க ஊர்க் குளத்துக்கு வர்ற ஓடையில எங்கப்பா காலம் வரைக்கும் ஊரே சேந்து எறங்கி வேலை செஞ்சாங்க, வீட்டுக்கு ஒரு ஆள். போர் வந்ததும் அவங்கவங்க தண்ணி அவங்கவங்க காட்டுக்கடியில இருக்குன்னு ஆகிப்போச்சு, குளம் யாருக்கும் தேவைப்படல, குளத்துக்குள்ள சீமைக் கருவேலம் ஏறுச்சு, ஓடையில வீடு ஏறுச்சு. காளிங்கராயன் வாய்க்காலுக்கே எங்க காலத்துலதான் தோல், சாயக் கழிவு வந்துச்சு, கழிவு கலக்காம இருக்கணும்னு பக்கத்துலயே பேபி கால்வாய்னு தனியா ஒண்ணு கட்டவேண்டி வந்துச்சு.

இப்ப எங்க கைக்கு ஒரு புது விஷயம் வந்திருக்கு, அத்திக்கடவு அவிநாசித் திட்டம். அறுபது வருஷத்துக்கு மேல கேட்ட திட்டம். அவிநாசி, பெருந்துறை, ஊத்துக்குளி, அன்னூர்ப் பக்கத்து மேட்டு நெலத்துக்கு பவானித் தண்ணியைக் கொண்டு வரணும்னு. ஒவ்வொரு தேர்தலுக்கும் பேசினாங்க, 2016ல அவிநாசியில சனங்க உண்ணாவிரதம் உக்காந்தாங்க, 2019ல அடிக்கல், 2024 ஆகஸ்ட்ல தொறந்தாச்சு. 1,045 குளம் குட்டைக்கு, உபரியா போற ஒன்றரை டி.எம்.சி. தண்ணி. அந்தத் தண்ணியை எங்க எடுக்குறாங்க தெரியுங்களா, அதே காளிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழதான். அங்கிருந்து ஆறு பம்பிங் ஸ்டேஷன் வழியா மேடேத்தி, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல பைப்புல கொண்டு வர்றாங்க.

எங்க ஊர்க் குட்டையில ஒரு கம்பி வேலிக்குள்ள பைப்பும், அதுக்கு மேல சின்ன சோலார் பேனலும் இருக்கு. முதல் தடவை தண்ணி விட்டப்ப கட்டெறும்பும் தேளும் மேட்டுக்கு ஓடி வந்துச்சு, வெடிச்ச மண்ணு தண்ணியை இழுக்கிற சத்தம், கொழகொழன்னு, நின்னு கேட்டோம். எங்கப்பா செருப்பைக் கழட்டி வெச்சுட்டு உள்ள எறங்கி நின்னாரு. நான் சின்னப்பையனா இருந்தப்ப நெறஞ்சு பாத்தது கண்ணு, அப்புறம் இப்பத்தான்னு சொன்னாரு. அந்தக் கோடையில பக்கத்துக் கெணத்துல எல்லாம் தண்ணி ஏறுச்சு.

சந்தோஷம்தான், எனக்கும் கண்ணு கலங்குச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, காளிங்கராயன் வாய்க்கால் பள்ளத்தைப் பாத்துத் தானா ஓடுது, இது மோட்டார்ல ஏறுது. கரண்ட் பில்லு ஒருத்தர் கட்டணும், வால்வு கெட்டா ஒருத்தர் பாக்கணும், பைப்பை எவனாவது ஒடச்சா கேக்கணும், உபரி வர்ற வருஷம்தான் தண்ணி, வராத வருஷம் இல்ல. இதுக்கு ஆளு வேணும், எங்களுக்கு அப்புறமும் வேணும். இருநூறு வருஷம் கழிச்சு இந்தக் குட்டையில தண்ணி இருக்குமாங்கிறது இன்னைக்குத் திட்டத்தைத் தொறந்து வெச்சவங்க கையில இல்ல, நாங்க எங்க புள்ளைங்களுக்கு எந்தப் பழக்கத்தைக் குடுத்துட்டுப் போறோம்ங்கிறதுல இருக்கு. குளம் நெறஞ்சிருச்சு, இனி போரை ஓட்டலாம், தண்ணி கெடைக்கும்னு இப்பவே ரிக் வண்டிக்குப் போன் பண்றவங்க இருக்காங்க. அதைக் கேக்கும்போது எனக்கு வயித்தைக் கலக்குது. அறுபது வருஷம் கேட்டு வாங்கின தண்ணியை ஆறே வருஷத்துல மறுபடி ஓட்டை வழியா உறிஞ்சிட்டோம்னா, கேட்டுச் செத்தவங்களுக்கு என்ன பதில் சொல்றது.

அதனால எங்க ஊருல சில பேரு ரெண்டு வேலையை எடுத்திருக்கோம். ஒண்ணு, குட்டைக்கு மழைத்தண்ணி வர்ற ஓடை, பைப்புத் தண்ணி வந்தாச்சுங்கிறதுக்காக அதை விட்டுரக்கூடாது, ஐப்பசி மழைக்கு முன்னாடி கருவேலத்தை வேரோட எடுத்து ஓடையைத் தொறக்கணும், வீட்டுக்கு ஒரு ஆள் வரணும்னு பழைய முறையையே திரும்பக் கேட்டிருக்கோம். முக்கியமா காலேஜ் பசங்க எறங்கணும், மம்பட்டி புடிக்கத் தெரியாட்டியும் பரவால்ல, ஓடை எங்க ஆரம்பிச்சு எந்தக் காட்டு வழியா வருதுன்னு கால்ல நடந்து தெரிஞ்சுக்கணும். இன்னொண்ணு, ஊருக்குள்ள வறண்டு கெடக்குற போரையெல்லாம் காடு காடா எழுதுறோம், சர்வே நம்பரு, எத்தனை அடி, கேசிங் இருக்கா இல்லையா, மூடி இருக்கான்னு. பக்கத்துல ஓடை போற எடத்துல உள்ளதுக்கு வடிகட்டிக் குழி எடுத்து, கல்லு, ஜல்லி, மணல் போட்டு மழைத்தண்ணியை உள்ள எறக்கலாம், மத்ததை மண்ணு கொட்டி மூடி மேல கான்கிரீட் போட்டுரலாம். சாயத் தண்ணி ஏறின ஓடைப் பக்கம் மட்டும் தண்ணியை டெஸ்ட் பண்ணாம எறக்கக்கூடாதுன்னு முடிவு.

எங்க தோட்டத்துல இருந்தே எழுத ஆரம்பிச்சாச்சு. எங்கப்பாவுக்குத்தான் எல்லா ஓட்டையும் எங்கெங்க இருக்குன்னு தெரியும், வாழைக்குள்ள மறைஞ்சுபோன ஒண்ணைக் கூட காலாலேயே தடவிக் காட்டினாரு. மத்த காடுங்கள்லயும் இது தெரிஞ்ச பெரியவங்க எம்பது வயசை ஒட்டித்தான் இருக்காங்க, அதனால தை பொறக்குறதுக்குள்ள ஊரை முடிச்சிரணும்னு பாக்குறோம்.